ஒரே ஒரு கிற்றார்

தம்மிடமுள்ள வாத்தியங்கள் யாவற்றையும் பிறருக்குக் கொடுத்துவிட்டு, ஒன்றை மாத்திரம் ஆயுள் உள்ளவரை வைத்திருக்கலாம் என்றொரு நிலை வருமாயின், எதனை வைத்திருப்பது? கிற்றார் வாசிப்போர் கூடும் இடங்களில் இவ்வினா அடிக்கடி எழுவதுண்டு. மேலோட்டமாக நோக்குமிடத்து இது பொழுதுபோக்கு வினா போலத் தோன்றும். ஆயினும் பெரும்பாலானோருக்கு இது மெய்யான வினாவே. நல்ல கிற்றார் ஒன்றின் விலை பல மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். ஒரு முறை பிழையாகத் தெரிந்தவர், மறுமுறை தெரிவதற்கு வேண்டிய பணத்தைச் சேர்ப்பதற்குள் வாசிப்பதற்குரிய நல்ல ஆண்டுகள் பல கழிந்துவிடும். ஆதலால், எவற்றை நோக்கி ஒருவர் தெரிதல் வேண்டும், தெரிந்ததை எவ்வாறு காத்தல் வேண்டும் என்பன ஆராயத்தக்கவை. மின்சாரத்தின் துணையின்றி, மரப்பெட்டியின் அதிர்வினாலேயே ஒலிக்கும் கிற்றாரே ஈண்டு கருதப்படுவது.

இவ்வகையில் மூவருடைய வரலாறு அறிதற்குரியது. முதலாமவர் ஸ்பெயின் நாட்டவரான பிரான்சிஸ்கோ தாரெகா. 1852 ஆம் ஆண்டிற் பிறந்த இவர், பதினேழு வயதளவில், சேவில்லே நகரத்திலே புகழ்பெற்றிருந்த அந்தோனியோ தெ தோரெஸ் என்னும் கிற்றார் வினைஞரின் பட்டறைக்குச் சென்றார். தோரெஸ் முதலில் விலை குறைந்த கிற்றார் ஒன்றையே காட்டினார் என்றும், இளைஞர் வாசித்ததைக் கேட்டபின், தமக்கென 1864 ஆம் ஆண்டிற் செய்து வைத்திருந்த கிற்றாரை உள்ளிருந்து எடுத்து வந்து கொடுத்தார் என்றும் கூறுவர். தாரெகா ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அதனை வாசித்தார். கிற்றார் இசையின் போக்கையே அவர் மாற்றியமைத்த காலம் அது.

இரண்டாமவர் அந்திரேஸ் செகோவியா. இளமையில் மட்றிட் நகரத்தில் இசையரங்கொன்றில் வாசிக்க வேண்டியிருந்தது. கையிலிருந்த கிற்றாரோ அரங்கிற்கு ஏற்றதன்று. அவர் மனுவேல் ராமிரெஸ் என்பவரின் பட்டறையை அடைந்து, பியானோவை வாடகைக்குக் கொடுப்பது போலக் கிற்றார் ஒன்றை ஓரிரவுக்கு வாடகைக்குத் தரலாகாதா என வினவினார். அவ்வேண்டுகோள் அங்கிருந்தோருக்கு நகைப்பை விளைவித்தது. எனினும் 1912 ஆம் ஆண்டைக் குறிக்கும் முத்திரைச் சீட்டுள்ள கிற்றார் ஒன்று அவர் கையிற் கொடுக்கப்பட்டது. வாசித்து முடிந்ததும் ராமிரெஸ், வாடகையும் வேண்டாம் விலையும் வேண்டாம் என்று சொல்லி அக்கிற்றாரை அவருக்கே வழங்கிவிட்டார். செகோவியா அதனுடன் உலகின் பல நாடுகளைச் சுற்றினார்.

அக்கிற்றாரை 1924 ஆம் ஆண்டில் மியூனிச் நகரத்திற் கண்டவர் ஜெர்மானிய வினைஞரான ஹேர்மன் ஹவுசர். அவர் அதன் அளவுகளைக் குறித்துக்கொண்டு அதுபோன்ற ஒன்றைச் செய்ய முயன்றார். ஆண்டுதோறும் செய்து காட்டுவார். செகோவியா வாசித்துப் பார்த்து இன்னும் முயலுமாறு கூறுவார். இவ்வாறு பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேற் கழிந்த பின்னர், 1937 ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட கிற்றார் செகோவியாவின் மனத்தை நிறைத்தது. கால் நூற்றாண்டு காலம், 1962 வரை, அதுவே அவருடைய அரங்கக் கிற்றாராக விளங்கியது.

மூன்றாமவர் ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த பாடகர் வில்லி நெல்சன். 1969 ஆம் ஆண்டில் அவருடைய கிற்றார் உடைந்துபோக, அதனைப் பழுதுபார்க்க இயலாதென அறிந்த நாஷ்வில் நகரத்து வினைஞரொருவர், தம்மிடமிருந்த மார்ட்டின் நிறுவனத்தாரின் நைலோன் தந்திக் கிற்றார் ஒன்றைப் பற்றிக் கூறினார். நெல்சன் அதனைக் கண்ணாற் காணாமலே 750 டொலருக்கு வாங்கிக்கொண்டார். பழைய கிற்றாரிலிருந்த மின்னொலி வாங்கி அதிற் பொருத்தப்பட்டது. திரைப்பட நடிகர் ரோய் ரோஜர்ஸ் ஏறிய குதிரையின் பெயரான டிரிகர் என்பதையே அவர் தம் கிற்றாருக்கும் இட்டார். வீடு தீப்பற்றி எரிந்தபொழுது அவர் உள்ளே சென்று மீட்டெடுத்த பொருள்களுள் அதுவும் ஒன்று. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் அதனையே வாசித்தார். விரலால் வாசிப்பதற்கென அமைந்த அக்கிற்றாரை அவர் மீட்டுத் துண்டினால் உரசி வாசித்தமையால், மேற்பலகையிற் குதிரைக்கு அருகே பெரியதொரு துளை விழுந்தது. அத்துளையுடனேயே அது ஒலித்து வந்தது.

இம்மூவரில் எவரும் கடைகள் பலவற்றில் ஏறி இறங்கி, உலகிற் சிறந்த கிற்றாரைத் தேடி எடுத்தாரல்லர் என்பது கருதத்தக்கது. தாரெகாவுக்கு அது வினைஞரின் மனமாற்றத்தால் வந்தது. செகோவியாவுக்கு இரவல் கேட்கப் போனவிடத்திற் கிடைத்தது. நெல்சனுக்கோ பிறர் சொல்லை நம்பி வாங்கியதில் வாய்த்தது. எனினும் மூன்றும் நல்ல மரத்தால், தேர்ந்த கையால் இயன்றவை. வாய்ப்பு எல்லார்க்கும் அவ்வாறு வந்து உதவும் என்று இருத்தல் ஆகாது. ஆகவே, கிற்றார் எவ்வாறு ஒலிக்கின்றது என்பதைச் சிறிது அறிந்துகொள்ளுதல் தெரிவுக்குத் துணையாகும்.

தனித்த தந்தி தன்னைச் சூழ்ந்த காற்றை மிகச் சிறிதளவே அசைக்கவல்லது. வீணையிற் போலவே கிற்றாரிலும் தந்தியின் அதிர்வு குதிரை வழியாக உடற்பெட்டிக்குச் செல்கின்றது. கிற்றாரின் குதிரை ஒட்டப்பட்டுள்ள மேற்பலகை 2 முதல் 3 மில்லிமீற்றர் தடிப்பே உள்ள மெல்லிய மரத்தகடு. அது அசைந்து காற்றைத் தள்ளுவதாலேயே நாம் கேட்கும் ஒலி பிறக்கின்றது. பலகை எவ்வளவுக்கு மெல்லியதோ அவ்வளவுக்கு எளிதில் அதிரும். ஆனால் நைலோன் தந்திகள் ஆறும் சேர்ந்து அதனை ஏறத்தாழ 40 கிலோகிராம் விசையுடன் இழுக்கின்றன. உருக்குத் தந்திகளாயின் அவ்விசை 70 கிலோகிராமுக்கும் மேற்படும். மெல்லியதாய் இருந்தால் வளைந்து முறியும். தடித்ததாய் இருந்தால் வாய் திறவாது. இவ்விரண்டிற்கும் இடையே வழிகாண்பதே கிற்றார் வினைஞரின் தொழில்.

தோரெஸ் இதற்குக் கண்ட வழி, மேற்பலகையின் அடியில் விசிறி விரிந்தாற் போல ஏழு மெல்லிய சட்டங்களை ஒட்டுதலாகும். 1862 ஆம் ஆண்டில் அவர் வியக்கத்தக்க ஒரு சோதனையும் செய்தார். முதுகையும் பக்கங்களையும் மரத்துக்குப் பதிலாக அட்டையால் அமைத்து, மேற்பலகையை மாத்திரம் நல்ல மரத்தால் இழைத்துக் கிற்றார் ஒன்றை உருவாக்கினார். ஒலியின் உயிர் மேற்பலகையிலேயே உள்ளது என்பதை உலகுக்கு உணர்த்திய அக்கிற்றார் பார்சலோனா நகர இசை நூதனசாலையிற் பேணப்பட்டு வருகின்றது.

எனவே, ஆயுட்காலத்துக்கு ஒரு கிற்றாரைத் தெரிபவர் முதலில் ஆராய வேண்டியது மேற்பலகையையே. அது முழுமரமாக இருத்தல் வேண்டும். விலை குறைந்த கிற்றார்களில் மெல்லிய தகடுகளை ஒன்றன்மேலொன்றாக ஒட்டிய ஒட்டுப்பலகையே பயன்படுகின்றது. அது எளிதில் வெடிக்காது; அழகாகவும் தோன்றும். ஆனால் அதன் ஒலி தொடக்கத்தில் எவ்வாறு இருந்ததோ, பல்லாண்டு சென்றாலும் பெரும்பாலும் அவ்வாறே இருக்கும். முழுமரமா என்பதை அறிய எளிய வழியொன்று உண்டு. ஒலித்துளையின் விளிம்பை உற்று நோக்குமிடத்து, முகப்பிற் காணும் மர இழைகள் விளிம்பிலும் தொடர்ந்து இறங்குமாயின் அது முழுமரம். விளிம்பிற் படைபடையாகத் தோன்றுமாயின் ஒட்டுப்பலகை.

மேற்பலகைக்குப் பெரிதும் பயன்படும் மரங்கள் இரண்டு. ஒன்று ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் குளிர்நிலங்களில் வளரும் வெண்ணிறமான ஸ்புரூஸ். மற்றது செம்மை கலந்த பழுப்பு நிறமுடைய சீடர். சீடர் மரத்தை மட்றிட் நகரத்து மூன்றாம் ஹோசே ராமிரெஸ் 1960 களில் நைலோன் தந்திக் கிற்றார்களிற் பரவச் செய்தார். சீடர் கிற்றார் கடையில் எடுத்தவுடனேயே கனிந்த ஒலி தரும். ஸ்புரூஸ் கிற்றார் தொடக்கத்திற் சற்று இறுக்கமாக ஒலித்து, வாசிக்க வாசிக்கத் திறந்துகொடுக்கும் என்பது வினைஞரும் வாசிப்போரும் நெடுங்காலமாகக் கூறிவரும் அனுபவம். கடையில் அரை மணி நேரம் வாசித்துத் தெரிபவர் இவ்வேறுபாட்டை மறந்துவிடுதல் ஆகாது. ஓராண்டுக்கு வேண்டிய கிற்றார் வேறு, நாற்பது ஆண்டுகளுக்கு வேண்டிய கிற்றார் வேறு.

முதுகுக்கும் பக்கங்களுக்கும் உரிய மரம் இரண்டாம் இடத்தது. மகோகனி மரம் இலேசானது; ஒவ்வொரு சுரத்தையும் தெளிவாகப் பிரித்துக் காட்டும். ரோஸ்வூட் எனப்படும் ஈட்டி மரம் கனமானது. ஒலிக்கு ஆழமும் நீட்சியும் தரும். முற்காலத்தில் பிரேசில் நாட்டு ரோஸ்வூட் மரமே மிக உயர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. அது அருகிவரவே, மார்ட்டின் நிறுவனத்தார் 1969 ஆம் ஆண்டிற் பொதுவான கிற்றார்களுக்குத் தென்னிந்திய ஈட்டி மரத்தைப் பயன்படுத்தத் தலைப்பட்டனர். 1992 ஆம் ஆண்டில் பிரேசில் ரோஸ்வூட் அனைத்துலக வணிகத் தடைக்கு உட்பட்ட இனங்களின் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. அம்மரத்தாலான பழைய கிற்றாரை நாடுவிட்டு நாடு கொண்டுசெல்லவும் விற்கவும் உத்தரவுப் பத்திரம் வேண்டியிருத்தலின், வாழ்நாள் முழுதும் உடன் கொண்டு திரிய ஒன்றை வேண்டுவோர் இதனையும் எண்ணிப் பார்த்தல் நன்று. விரற்பலகைக்குச் சிறந்த மரம் கருங்காலி. இலங்கையின் வறண்ட வலயக் காடுகளிலும் தென்னிந்தியாவிலும் வளரும் கருங்காலி, பல நாட்டு வினைஞராலும் விரும்பப்பட்டு வந்ததொன்றாகும்.

மரத்தைப் பற்றி இத்துணை கூறினும், மரத்திலும் முற்பட்டது கை. நைலோன் தந்திக் கிற்றாரின் தண்டி தலைப்புறத்தில் ஏறத்தாழ 52 மில்லிமீற்றர் அகலமுடையது. உருக்குத் தந்திக் கிற்றாரில் அது 43 அல்லது 44 மில்லிமீற்றர் அளவினது. விரலால் ஒவ்வொரு தந்தியையும் தனித்தனியே மீட்டுவோருக்கு அகன்ற தண்டி வசதி தரும். பாட்டுக்குத் துணையாகச் சுரக்கூட்டுகளை வாசிப்போருக்கு ஒடுங்கிய தண்டி இலகுவாயிருக்கும். தந்தியின் அதிரும் நீளம் தோரெஸ் காலந்தொட்டு 650 மில்லிமீற்றர் என்று பெரும்பாலும் நிலைபெற்றுள்ளது. சிறு கையினர் இதனிலும் குறைந்த நீளமுள்ளதை நாடுவது தவறன்று. உடற்பெட்டியின் பருமனும் அவ்வாறே. 1906 ஆம் ஆண்டிற் கடலிறங்கிய பிரித்தானியப் போர்க்கப்பலின் பெயரைக் கொண்டு டிரெட்நோட் என வழங்கும் பேருருவக் கிற்றார் முழங்கி ஒலிக்கும். ஆனால் அதனைத் தழுவி உட்காரும்பொழுது வலது தோள் மேலெழுந்து நோவுமாயின், முப்பது வயதிற் பொறுக்கும் அந்நோவு அறுபது வயதில் வாசிப்பையே நிறுத்திவிடக்கூடும். வயது செல்லச் செல்ல விரலின் வலிமை குறையும், மூட்டுகள் இறுகும். ஆயுட்காலக் கிற்றாரைத் தெரிபவர் இன்றைய கைக்கு மாத்திரமன்றி, இனி வரவிருக்கும் முதிய கைக்கும் சேர்த்தே தெரிகின்றார்.

கடையிற் சோதிக்கும் முறை வருமாறு. முதலில் கிற்றாரின் தண்டியைத் தலைப்பக்கமிருந்து நோக்கி, அது முறுக்கின்றி நேராக உள்ளதா என அறிதல் வேண்டும். பின்னர் ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு மெட்டாக அழுத்தி வாசித்து, எங்கேனும் இரைச்சல் எழுகின்றதா, எச்சுரமாவது ஏனையவற்றிலும் மங்கி ஒலிக்கின்றதா எனக் கேட்டல் வேண்டும். பன்னிரண்டாம் மெட்டின் மேல் விரலை மெல்லத் தொட்டு எழுப்பும் ஒலியும், அவ்விடத்தில் அழுத்தி எழுப்பும் ஒலியும் ஒன்றாயிருத்தல் வேண்டும். வேறுபடுமாயின் அக்கிற்றார் அந்நிலையிற் சுருதி சரியாகச் சேராது. அடுத்து, மிக மெல்ல வாசித்துப் பார்த்தல் வேண்டும். உரத்து வாசிக்குமிடத்து எல்லாக் கிற்றாரும் ஒலிக்கும். மெல்ல வாசிக்குமிடத்து நல்ல கிற்றாரே பேசும். இறுதியாக, இயலுமாயின் வேறொருவரை வாசிக்கச் செய்து எதிரே இருந்து கேட்டல் நன்று. வாசிப்பவர் செவிக்கு எட்டும் ஒலியும் கேட்போர் செவிக்கு எட்டும் ஒலியும் ஒன்றல்ல.

இவை யாவும் நன்றாயினும், இன்னொன்று எஞ்சியுள்ளது. எக்கிற்றாரும் தேயும். மெட்டுகள் தந்தி உராய்ந்து பள்ளமாகும். அவை மாற்றப்படல் வேண்டும். தந்திகள் இடைவிடாது இழுப்பதாற் காலப்போக்கில் தண்டி முன்னோக்கிச் சரியும். தந்திகள் விரற்பலகையிலிருந்து உயர்ந்து, அழுத்துவதற்குக் கடினமாகும். உருக்குத் தந்திக் கிற்றார்களிற் பல, சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை தண்டியைக் கழற்றிக் கோணம் திருத்திப் பொருத்தப்பட வேண்டியவை. பழைய கிற்றாரை வாங்குவோர் குதிரையின் மேலுள்ள எலும்புக் கட்டையை நோக்குதல் வேண்டும். அது ஏற்கெனவே மிகத் தாழ்வாக அராவப்பட்டிருந்தும் தந்திகள் உயர்ந்தே நிற்குமாயின், அக்கிற்றாருக்குப் பெருஞ்செலவு காத்திருக்கின்றது என்பது பொருள். திருத்தக்கூடிய முறையிற் கட்டப்பட்டதா, திருத்தவல்ல கைவினைஞர் எட்டும் தூரத்தில் உள்ளாரா என்னும் இரு வினாக்களும் ஒலியைப் பற்றிய வினாவுக்கு எவ்வகையிலும் தாழ்ந்தவை அல்ல. நெல்சனுடைய கிற்றார் அரை நூற்றாண்டு தாங்கியமைக்குக் காரணம், டெக்சாஸ் மாநிலத்து வினைஞர் ஒருவர் ஆண்டுதோறும் அதன் உட்சட்டங்களைச் சோதித்து உறுதிப்படுத்தியும், தேய்ந்த இடங்களுக்குப் புது மெருகு பூசியும் வந்தமையே.

காலநிலையும் கவனிக்கற்பாலது. மரம் ஈரத்தை உறிஞ்சி விரிவதும், அதனை இழந்து சுருங்குவதும் இயல்பு. கிற்றார் வினைஞர் பெரும்பாலும் 45 முதல் 55 வீத ஈரப்பதன் உள்ள அறையிலேயே மரத்தை இழைத்து ஒட்டுவர். கொழும்பு, யாழ்ப்பாணம், சென்னை போன்ற கடற்கரை நகரங்களிற் காற்றின் ஈரப்பதன் இதனிலும் மிக உயர்ந்தது. அங்கு மேற்பலகை சற்றுப் பருத்து மேலெழும், தந்திகள் உயரும், ஒலி மந்தமாகும். குளிரூட்டிய அறையிலோ இதற்கு மாறாக மரம் உலர்ந்து சுருங்கும். இரண்டிலும் கொடியது இரண்டிற்கும் இடையே நாடோறும் மாறி மாறி அலைதல். இரவெல்லாம் குளிரூட்டிய அறையிலும் பகலெல்லாம் வெயிலேறும் கூடத்திலும் கிடக்கும் கிற்றார் வெடித்தல் திண்ணம். வாசியாத வேளையில் இறுக்கமாக மூடும் பெட்டியினுள், ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பையுடன் வைத்தலே தக்கது. வெயிலில் நிறுத்திய மோட்டார் வண்டியினுள் ஒரு பிற்பகல் விட்டுவைத்தாலே குதிரையின் பசை இளகிவிடும். வாசித்து முடிந்ததும் தந்திகளையும் விரற்பலகையையும் உலர்ந்த துணியாற் துடைத்தல் வேண்டும். வியர்வையும் கடற்காற்றும் உருக்குத் தந்திகளை விரைவிற் துருப்பிடிக்கச் செய்யும்.

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்குத் திரும்பலாம். எக்கிற்றாரை ஆயுள் முழுதும் வைத்திருப்பது? முழுமரத்தாலான மேற்பலகையும், கைக்கும் உடலுக்கும் இயைந்த அளவும், மெல்ல மீட்டினும் பதிலிறுக்கும் குரலும், திருத்துதற்கு இடந்தரும் கட்டமைப்பும் உள்ளது எதுவோ அதுவே. புகழ்பெற்ற பெயரும், பளபளக்கும் சிப்பி வேலைப்பாடும் இவற்றின் பின்னரே வருவன. இந்நான்கும் அமைந்த கிற்றார் ஒன்று கையில் இருக்குமாயின், இதனிலும் சிறந்தது எங்கேனும் இருக்குமோ எனத் தேடித் திரிவதில் வரும் பயன் சிறிது. ஓரிடத்தில் தொடர்ந்து வாசிப்பவருக்கே அக்கிற்றாரின் எச்சுரம் எளிதில் எழும், எச்சுரத்தைச் சற்று அழுத்திக் கேட்டல் வேண்டும் என்பன புலனாகும். அவ்வறிவு விலைக்குக் கிடைப்பதன்று.

எனினும் என்றென்றும் என்ற சொல்லுக்கும் எல்லை உண்டு. கால் நூற்றாண்டு தன்னுடன் உலகைச் சுற்றிய ராமிரெஸ் கிற்றாரைச் செகோவியா 1937 ஆம் ஆண்டில் ஒதுக்கி வைத்தார். இன்னொரு கால் நூற்றாண்டின் பின் ஹவுசர் கிற்றாருக்கும் அதுவே நேர்ந்தது. ஆயினும் அவர் இரண்டையும் விற்றாரல்லர். அவர் மறைவதற்கு முந்திய ஆண்டாகிய 1986 இல் இரண்டும் நியூயோர்க் மெற்றோபொலிற்றன் நூதனசாலைக்கு அவருடைய துணைவியாரால் அன்பளிப்பாக வழங்கப்பட்டன. ஈரப்பதன் மாறாத காற்றில், கண்ணாடிக்கு அப்பால், அவை பழுதின்றிப் பேணப்படுகின்றன. நெல்சனின் கிற்றாரோ துளை விழுந்து, மெருகு தேய்ந்து, நண்பர் பலரின் கையொப்பங்கள் மங்கிய நிலையிலும் மேடையேறியது. பழுதின்றி இருத்தல் நூதனசாலையின் நோக்கம். வாசிப்பவருக்கோ தேய்மானம் குற்றமன்று. தெரிந்தெடுத்த கிற்றாரை அஞ்சிப் பூட்டி வையாமல் நாடோறும் சிறிது நேரமாவது எடுத்து வாசித்து, தேய்ந்தவிடத்துத் திருத்திக்கொண்டு, தமக்குப் பின் வாசிக்கும் ஒரு கைக்கு நல்ல நிலையிற் கொடுத்துச் செல்வாராயின், அவர் செய்த தெரிவு சரியானதேயாகும்.